நான்காம் அத்தியாயத்தில் ஒரு தேவாலயம்

குணசீலன் கெட்டிக்காரர். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அவருக்கு அறவே இல்லை. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து கிளம்பி வந்து, மான்ட்ரியலில் உட்கார்ந்துகொண்டு, அறுநூறு எழுநூறு வருஷத்துக்கு முன்னால் ஐரோப்பாவின் மலைச்சரிவுகளில் யார் எங்கே குடியிருந்தார்கள், ஏன் அங்கே குடியிருந்தார்கள் என்று ஆராய்ச்சி செய்ய ஒரு துணிச்சல் வேண்டும். அது அவரிடம் தாராளமாகவே இருந்தது. 'எனக்குத் தெரியாது' என்று சொல்லும் பழக்கம்தான் இல்லை.

அவர் மனைவி சியாமளாவுக்கு அந்த ஆராய்ச்சி முழுக்க மனப்பாடம். நானூற்றுப் பன்னிரண்டு பக்கங்களையும் வாடகைத் தட்டச்சு இயந்திரத்தில் மூன்று தடவை அடித்தவள் அவள். ஊரில் கணிதத்தில் பட்டம் வாங்கியவள். இங்கே வந்து நாலு வருஷமாக, கார்பன் தாளுக்கும் சமையலுக்கும் நடுவே அந்தக் கணிதம் ஒரு மூலையில் சும்மா கிடந்தது.

1972 மார்ச்சில் ஒரு வியாழக்கிழமை, பிற்பகல் இரண்டு மணிக்கு அவருடைய வாய்மொழித் தேர்வு. பல்கலைக்கழகத்திலிருந்து வந்த கடிதம் தெளிவாகவே இருந்தது. ஜூன் மாதத்துக்குள் பட்டம் கைக்கு வந்துவிட்டால் செப்டம்பரிலிருந்து நிரந்தர விரிவுரையாளர். வராவிட்டால் அந்த இடம் வேறொருவருக்கு; ஆளும் தயாராக இருந்தார். அந்த வேலையை நம்பி ரொக்ஸ்பரோவில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு வீட்டைக்கூடப் பார்த்து வைத்திருந்தார்கள். வேலை இல்லையென்றால் வீடும் இல்லை, இந்த ஊரும் இல்லை. மூட்டையைக் கட்டிக்கொண்டு திரும்ப வேண்டியதுதான்.

ஆய்வேட்டின் உயிர் நான்காம் அத்தியாயத்தில் இருந்தது. ஆல்ப்ஸ் மலையில் கிழக்கு மேற்காகக் கிடக்கும் ஒரு சின்னப் பள்ளத்தாக்கு. நடுவே ஓடை. ஒரு கரைச் சரிவில் பிரெல் என்ற ஊர். அங்கே பிரபுவின் மாளிகை, தேவாலயம். எதிர்க்கரைச் சரிவில் ஓசான். அங்கே பிரபுவின் பண்ணையாட்கள். இரண்டு ஊரையும் பிறகு வந்த ஒரு பெரிய மண்சரிவு விழுங்கிவிட்டது. மிஞ்சியது பிரபுவின் கணக்கர் யாரோ வரைந்த ஒரே ஒரு படம். அதில் திசைக்குறி இல்லை. ஓடை எந்தப் பக்கம் ஓடுகிறது என்றுகூட இல்லை. ஓடைக்குக் கீழே பிரெல், மேலே ஓசான், அவ்வளவுதான்.

அந்தப் படத்தின் போட்டோஸ்டாட் நகல் தபாலில் வந்த நாள் சியாமளாவுக்கு நன்றாக நினைவிருக்கிறது. குணசீலன் அதைச் சாப்பாட்டு மேஜையில் விரித்து, பிரெல் தேவாலயத்தின் மேல் விரலை வைத்தார்.

"பாத்தியா? தேவாலயத்தை மட்டும் வாசல், பலிபீடம் எல்லாம் காட்டி வரைஞ்சிருக்கான். வாசல் வலது பக்கம். கோயில் வாசல் எந்தத் திசையில இருக்கும்?"

"கிழக்கு."

"அப்ப வலது கிழக்கு, மேலே வடக்கு. முடிஞ்சுது ஜோலி!"

முடிந்தது. ஆய்வேட்டில் அதற்கு, தேவாலயத்தை வைத்துத் திசை கண்டது என்று ஒரே வரிதான். வலது கிழக்கென்றால் பிரெல் ஓடைக்குத் தெற்கே, தெற்கிலிருந்தே அடிக்கும் அந்த நாட்டு வெயில் படாத சரிவில் இருந்தது. ஓசான்தான் வெயில் விழும் சரிவில். பிரபு நிழலைத் தனக்கு வைத்துக்கொண்டு, பண்ணையாட்களை வெயிலில் தள்ளிவிட்டான். கந்தகபூமியில் பிறந்தவருக்கு இதைவிட இயல்பான செய்தி உண்டா? பெரிய மனுஷன் நிழலில் இருப்பான், கூலிக்காரன் வெயிலில் காய்வான். அந்த மலைநாட்டில் மற்ற பள்ளத்தாக்குகளில் எல்லாம் வெயில் சரிவுக்குத்தான் அடிபிடி, இங்கே மட்டும் நேர்மாறு என்றதும் அவருடைய வழிகாட்டி வில்லோபி நாற்காலியை விட்டு எழுந்தே விட்டாராம். யாரும் சொல்லாததைச் சொல்லிவிட்டாய் என்று கையைக் குலுக்கினாராம்.

வெயில் விஷயத்தில் குணசீலன் ஏற்கெனவே ஒரு தடவை கெட்டிக்காரத்தனம் காட்டியிருந்தார். சென்ட் லோரன்டில் வீடு பார்த்தபோது ஒரே கட்டிடத்தில் இரண்டு குடியிருப்புகள் காலியாக இருந்தன. "தெக்குப் பாத்ததுல நாள் முழுக்க வெயில் அடிக்கும்" என்று சொல்லி வடக்குப் பார்த்ததை எடுத்தார். அது ஓர் ஆகஸ்டு மாதம். டிசம்பரில் ஜன்னலுக்கு உள்பக்கமே பனிக்கட்டி பிடித்தது. எதிர்வரிசை வீட்டுப் படிகளில் பனி உருகிச் சொட்டும்போது இவர்கள் படியில் கோடரி போட்டுப் பிளக்க வேண்டியிருந்தது. அவர் பல்கலைக்கழகத்துக்குப் போய்விடுவார். நாளெல்லாம் அந்த இருட்டுக் குளிரில் இருந்தது சியாமளாதான்.

அந்த வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கே குணசீலன் கிளம்பிப் போய்விட்டார். ஒன்பது மணிக்குச் சியாமளா தேவாலயத்தில் இருந்தாள். கீழ்வீட்டு மதாம் பெல்வாலின் அண்ணன் தவறிவிட்டார், அடக்கப் பூசை. மதாம் நல்ல மனுஷி. முதல் குளிர்காலத்தில், வாய் பேசாமல், கம்பளி மேல்கோட்டு ஒன்றைக் கொண்டுவந்து கையில் திணித்துவிட்டுப் போனவள். போகாமல் இருப்பது முறையல்ல. பத்தரைக்கு வீடு திரும்பி, புடவை மாற்றி, நிதானமாகப் பல்கலைக்கழகம் போனால் நேரம் சரியாக இருக்கும் என்று கணக்குப் போட்டிருந்தாள்.

பழைய கல் கட்டிடம் அது. சியாமளா கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். பூசை பாதியில் மேகம் விலகியதும், பலிபீடத்துக்குப் பின்னாலிருந்த கண்ணாடிகள் வழியாக வெயில் சாய்வாக உள்ளே விழுந்தது. கண் கூசியது. காலை வெயில் நம் கோயிலில் வாசல் வழியாகப் போய்ச் சாமி மேல் விழும். இங்கே என்ன, சாமிக்குப் பின்னாலிருந்து வந்து மனுஷர் முகத்தில் அடிக்கிறதே என்று சும்மாதான் நினைத்தாள்.

நினைத்த அடுத்த கணம் நான்காம் அத்தியாயத்துப் படம் கண்முன் வந்து நின்றது.

பூசை முடிந்து வாசலில் நின்று எல்லோருக்கும் கை கொடுத்துக்கொண்டிருந்த கிழப் பாதிரியாரிடம் போனாள். துக்க வீட்டில் கேட்கும் கேள்வியா இது என்று கூச்சமாக இருந்தது. இருந்தாலும் ஆங்கிலத்தில் கேட்டுவிட்டாள்: பலிபீடம் கிழக்கில் இருப்பது இந்தத் தேவாலயத்தில் மட்டும்தானா?

பாதிரியாருக்கு அப்படியொரு சந்தோஷம். "இப்போது கட்டுகிறவர்கள் இடத்துக்குத் தக்கபடி திருப்பிக்கொள்கிறார்கள், மதாம். அந்தக் காலத்தில் முறை என்றால் முறைதான். பலிபீடம் கிழக்கே, வாசல் மேற்கே. ஜனங்கள் கிழக்கைப் பார்த்துத்தான் வணங்க வேண்டும்."

மதாமிடம் சொல்லிக்கொள்ளக்கூட நிற்கவில்லை. பனிச்சேற்றில் வழுக்கி வழுக்கி வீட்டுக்கு ஓடினாள். மேஜை டிராயரிலிருந்து போட்டோஸ்டாட்டை எடுத்துத் தலைகீழாகத் திருப்பி வைத்தாள். வாசல் மேற்கென்றால் வலது மேற்கு, மேலே தெற்கு. பிரெல் ஓடைக்கு வடக்கே, வெயில் சரிவில். ஓசான் நிழலில். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

பின்னிணைப்பைப் புரட்டினாள். அவள் விரல்களே அடித்த வரிகள்தான். பிரெல் ஆண்டுதோறும் மடாலயத்துக்குத் திராட்சை மது கொடுத்தது. நிழல் சரிவில் திராட்சை எப்படிப் பழுக்கும்? அதற்கு அவர் முப்பத்தோராம் அடிக்குறிப்பில் பதில் வைத்திருந்தார்: மது வெளியூரிலிருந்து வாங்கப்பட்டிருக்கலாம். ஓசானில் குளிர்காலத்தில் செத்தவர்களைப் புதைக்க முடியாமல், தரை இளகும் வரை கூரைப் பனியில் கிடத்தி வைத்தார்கள். வெயில் சரிவில் தரை ஏன் அப்படி இறுகுகிறது? அதற்கும் ஓர் அடிக்குறிப்பு: வறுமை, ஆள் பற்றாக்குறை. ஒழுகிய இடத்திலெல்லாம் மனுஷர் ஓர் அடிக்குறிப்பை வைத்து அடைத்திருந்தார். மூன்று தடவை அடித்தபோதும் அவளுக்கு உறைக்கவில்லையே! அதுவும் மூன்று குளிர்காலம் இந்த வடக்கு ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அடித்தவளுக்கு! அன்றைக்குக் 'கிழக்கு' என்று பதில் சொன்னதும் அவள்தானே. அவர் மேல் வந்த கோபம் பாதியில் அவள் மேலேயே திரும்பியது.

துறைக்குத் தொலைபேசியில் கூப்பிட்டாள். குணசீலன் நூலகத்தில் எங்கேயோ இருக்கிறார், தேட ஆளில்லை என்று சொல்லிச் செயலாளர் போனை வைத்துவிட்டாள். மணி பதினொன்றரை. போட்டோஸ்டாட்டைச் சுருட்டிக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு தெருவுக்கு வந்தால், பஸ் வருகிற வழியாக இல்லை. பனி வாரும் வண்டி ஒன்று சாலையை அடைத்துக்கொண்டு நின்றது. முக்கால் மணி நேரம் கால் மரத்துப்போய் நின்றாள். ஒரு வழியாக பஸ் பிடித்து, மெட்ரோ மாறி, மேடேறி அவள் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று முப்பத்தைந்து.

குணசீலன் நடைவழியில் உலாத்திக்கொண்டிருந்தார். கோட்டும் டையுமாக, மாப்பிள்ளை மாதிரி.

"என்ன இப்படி மூச்சு வாங்குது? புடவை கூட மாத்தலையா நீ?"

"என்னங்க, கொஞ்சம் இப்படி வாங்க. நான் சொல்றதக் கேட்டுட்டு அப்புறம் கோபப்படுங்க." ஜன்னலோரமாகக் கூட்டிப்போய்ப் போட்டோஸ்டாட்டை விரித்தாள். "சர்ச்சுக்கு வாசல் மேற்குப் பக்கங்க. பலிபீடம்தான் கிழக்குல."

"எந்த சர்ச்சுக்கு?"

"அந்தக் காலத்து சர்ச் எல்லாத்துக்கும். அங்க உள்ள போறவங்கதான் கிழக்கப் பாக்கணுமாம். நம்ம கோயில் மாதிரி சாமி பாக்கறதில்ல. பாதிரியார் சொன்னாரு."

"காலையில ஒரு பூசைக்குப் போயிட்டு வந்து எனக்குப் பாடம் எடுக்கறியா? இன்னிக்கா? இப்பவா?" மூக்கின் மேல் கோபம் ஏறியது. "ரெண்டு வருஷமா வில்லோபிக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சுருச்சா?"

"வில்லோபி இந்தப் படத்தைத் திருப்பிப் பாத்தாரா? நீங்க சொன்னதத்தான கேட்டாரு. திருப்பி வச்சுப் பாருங்க. திராட்சையை நினைச்சுப் பாருங்க. செத்தவங்கள நினைச்சுப் பாருங்க."

அவர் திருப்பிப் பார்த்தார். அவருடைய கண்கள் பிரெலிலிருந்து ஓசானுக்கும் ஓசானிலிருந்து பிரெலுக்கும் போய் வந்தன. முகம் வெளுத்துவிட்டது. உதடு ஏதோ முணுமுணுத்தது. அடிக்குறிப்பு எண்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார். படம் ஒரே ஒரு திருப்பில் சரியாகிவிட்டது. அத்தனை அடிக்குறிப்புகளும் தேவையில்லாமல் போய்விட்டன.

பிறகு அவர் போட்டோஸ்டாட்டை மெதுவாகச் சுருட்டினார்.

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல."

"சொல்லாத."

"அவங்களே கேட்டுட்டா?"

"கேட்டா பாத்துக்கலாம். சியாமளா, ஜூன் தாண்டினா வேலை போயிரும். உனக்குத் தெரியுமில்ல?"

தெரியும். அவளுக்கும் அந்த வேலை வேண்டும். ரொக்ஸ்பரோ வீட்டில் சமையலறையில் எது எங்கே, தட்டச்சு மேஜை எங்கே என்றுகூட மனசுக்குள் முடிவு செய்து வைத்திருந்தாள். அவர் பின்னால் போனாள்.

அந்தத் தேர்வில் வெளியார் உட்கார்ந்து பார்க்கலாம். சியாமளா பின்வரிசையில் உட்கார்ந்தாள். முன்னால் பலகையில் பிரெல் படம் நான்கு குண்டூசிகளில் பெரிதாகத் தொங்கியது. நீள மேஜைக்குப் பின்னால் தேர்வுக் குழுத் தலைவர், வில்லோபி, இன்னும் இரண்டு பேர், நடுவே ஸ்விட்சர்லாந்திலிருந்து வந்திருந்த பேராசிரியர் ஆம்பெர்க். வெள்ளைத்தலை. அந்த மலைகளிலேயே பிறந்து வளர்ந்த மனுஷர். அவர் கண்ணாடியை ஏற்றிப் படத்தைப் பார்த்த ஒவ்வொரு தடவையும் சியாமளா அவர் முகத்தையே பார்த்தாள்.

கேள்விகள் வந்தன. குணசீலன் வழக்கத்துக்கு மாறாகச் சுருக்கமாகப் பதில் சொன்னார். பலகைப் பக்கம் திரும்பவே இல்லை. கடைசியில் ஆம்பெர்க் நான்காம் அத்தியாயத்தைத் திறந்தார். இதோ வருகிறது என்று சியாமளா இருக்கையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கள் ஊரில் நிழல் பக்கத்து நிலத்தைப் பிடிக்காத மருமகனுக்குக் கொடுப்பார்கள்" என்றார் ஆம்பெர்க். அறை சிரித்தது. "ஒரு பிரபு அதை விரும்பி எடுத்தான் என்றால் நான் நம்பியிருக்க மாட்டேன். இங்கே நம்ப வேண்டியிருக்கிறது. எங்கள் கண் பார்க்க மறந்ததை வெளியிலிருந்து வந்த ஒரு கண் பார்த்திருக்கிறது. இந்த அத்தியாயத்துக்காகவே உங்களைப் பாராட்டுகிறேன்."

குணசீலன் எழுந்து லேசாகக் குனிந்தார். "நன்றி, பேராசிரியர் அவர்களே."

அவ்வளவுதான். ஆபத்து தாண்டிவிட்டது. சியாமளாவுக்கு மனசு லேசாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. அந்த நன்றியைச் சொன்ன குரல் அவளுக்குத் தெரிந்த குரலே இல்லை. அவருடைய கர்வத்தைப் பொறுத்துக்கொண்டு அவள் குடித்தனம் நடத்தியிருக்கிறாள். வடக்கு ஜன்னலைப் பொறுத்துக்கொண்டிருக்கிறாள். தெரியாமல் செய்ததை எல்லாம் மன்னித்துவிடலாம். இப்படித் தெரிந்துகொண்டே கும்பிட்டு வாங்கிக்கொள்கிற மனுஷரோடு எப்படி இருப்பது?

தலைவர் தாள்களை அடுக்கினார். முறைக்காக, தலை நிமிராமலே கேட்டார்: "பார்வையாளர்களில் யாருக்காவது கேள்வி உண்டா?"

யாரும் கேட்கிற வழக்கம் இல்லை போலிருக்கிறது. அவர் பேனாவை மூடிக்கொண்டிருந்தார். சியாமளா எழுந்து நின்றாள். நிற்கப் போகிறோம் என்று நிற்கும் வரை அவளுக்கே தெரியாது.

"எனக்கு ஒரு கேள்வி." தன் ஆங்கிலம் நடுங்குவது அவளுக்கே கேட்டது. "பிரெல் தேவாலயத்தின் வாசல் எந்தத் திசையில் இருந்தது?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஈரம் படிந்த புடவை, மனைவி போலிருக்கிறது, பாவம், ஏதோ ஆர்வமாகக் கேட்கிறாள் என்று இரண்டு பேர் புன்னகை செய்தார்கள். வில்லோபிகூடச் சிரித்தபடி, "உங்களுக்குத்தான், மிஸ்டர் குணசீலன்" என்றார்.

குணசீலன் அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் முதலில் கோபம் இருந்தது. கெஞ்சல் பிறகு வந்தது. படத்தில் தெளிவாக இல்லை என்று சொன்னால் போதும். அறை எழுந்துவிடும், எல்லோரும் காபி குடிக்கப் போய்விடுவார்கள். அவள் உட்காரவில்லை.

"படத்தில்..." என்று ஆரம்பித்தார்.

"மேற்கில்" என்றார்.

பலகைக்குப் போய் நான்கு குண்டூசிகளையும் பிடுங்கினார். ஒன்று கீழே விழுந்து உருண்டது. படத்தைத் தலைகீழாகத் திருப்பி மூன்று குண்டூசியில் குத்தினார். "இப்படி இருந்திருக்க வேண்டும். பிரபு வெயிலில்தான் இருந்தார். என் நாட்டில் கோயில் வாசல் கிழக்கே இருக்கும். அதை வைத்துத் திசை கண்டேன். நான்காம் அத்தியாயம் முழுக்கத் தவறு."

ஆம்பெர்க் எழுந்து படத்தின் அருகே போய் வெகுநேரம் நின்றார். அவர் காது மடல் சிவந்துவிட்டது; தானும்தானே ஏமாந்திருக்கிறார்.

"இது உங்களுக்கு எப்போது தெரியும்?"

"தேர்வு தொடங்குவதற்குக் கால் மணி நேரம் முன்னால்."

"அப்படியென்றால் நான் பாராட்டியபோது தெரியும்."

குணசீலன் பலகையிலிருந்து திரும்பினார். "தெரியும்" என்றார்.

"தவறு நானும் செய்திருக்கிறேன். என் பெயரில் அச்சாகியே கிடக்கிறது" என்றார் ஆம்பெர்க். "நீங்கள் நன்றி சொன்னீர்களே, அதைத்தான் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை."

எல்லோரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நடைவழிப் பெஞ்சின் இந்தக் கோடியில் சியாமளா, அந்தக் கோடியில் குணசீலன். கதவு திறந்து வில்லோபி மட்டும் வந்தார். ஆய்வேடு நிராகரிக்கப்படவில்லை, நான்காம் அத்தியாயத்தைப் புதிதாக எழுத ஒரு வருஷம். "வேலை விஷயம்..." என்று இழுத்துவிட்டுத் தரையைப் பார்த்தார். குணசீலன், "புரிகிறது" என்றார். அன்றைக்கு அவர் சொன்ன சுருக்கமான பதில்களில் அதுதான் மிகச் சுருக்கமானது.

மெட்ரோவில் போய் பஸ் மாறினார்கள். சாயங்கால பஸ்ஸில் ஒரே நெரிசல். தொழிற்சாலைகளிலிருந்து திரும்புகிறவர்கள் தோளோடு தோள் உரச நின்றார்கள். எப்படியோ இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்தில் இடம் கிடைத்தது. திட்டப்போகிறார் என்று சியாமளா காத்திருந்தாள். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்று முடிவு செய்திருந்தாள். ரொக்ஸ்பரோ போய்விட்டது. அவள் வாயால்தான் போயிற்று.

பாதி தூரம் போன பிறகு அவர் பேசினார்.

"நீ கேக்கலைன்னா நான் சொல்லியிருக்கவே மாட்டேன்."

"தெரியுங்க."

"தெரியுமா?"

"நன்றி சொன்னீங்கல்ல, அப்பவே தெரிஞ்சுருச்சு."

அவர் தலையை ஆட்டினார். வேலை போனது, வீடு போனது, ஊருக்கு என்ன எழுதுவது, இதையெல்லாம் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. "உனக்குத் தெரிஞ்சுருச்சே, சியாமளா" என்றார். மறுபடியும், "உனக்குத் தெரிஞ்சுருச்சே" என்றார். தப்பு என்று ஒன்றை ஒருநாளும் ஒப்புக்கொள்ளாத மனுஷர், பஸ் நிறைய ஜனங்களுக்கு நடுவே, முகத்தைக்கூட மூடிக்கொள்ளாமல் அழுதார். முன்னால் நின்றவர்கள் நாகரிகமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். சியாமளா திரும்பவில்லை. அவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.